பால் விற்கும் வீட்டில் பால் குடிக்காத உம்மா

(பூன் லேயில் நடைபெற்ற நம் சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பொன்விழா மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)





எலும்புக்கு வலுவூட்டும் உணவைப் பற்றிப் பேசும்படி மகளிர் பிரிவினர் கேட்டபோது முதலில் தயங்கினோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். பூன் லேயில் வாப்பா தொடங்கிய மளிகைக் கடையை நடத்தி வருகிறவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்ததும் சரக்கு நிர்வாகம்தான். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்க்கிற படிப்பு அது. எங்கள் தயக்கத்தைக் கேட்ட ஒரு மாமி சொன்னார்: "மருத்துவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம் தம்பி. உங்க உம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுங்க, எங்களுக்கு விளங்கும்." உம்மாவிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க வாப்பா, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்கள். அந்த அனுமதியோடுதான் இங்கே நிற்கிறோம். உம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உம்மாவுக்கு 61 வயது இருக்கும்போது, ஒரு நாள் எங்கள் புளோக்கின் கீழே கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னோம், அத்தோடு மறந்துவிட்டோம். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறதே, ஏன் என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தாள் கல்லாப்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தது. நோன்பு முடியட்டும், பள்ளி விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். தவறு எங்களுடையதுதான்.

ஏழு ஆண்டு கழித்து ஒரு நாள் ஃபஜ்ரு நேரம். உம்மா குளியலறையில் ஒளுச் செய்துகொண்டிருந்தார்கள். காலைக் கழுவத் தூக்கித் தொட்டியில் வைத்தபோது மற்றக் கால் வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, பிறகு சமூக மருத்துவமனையில் நடைப்பயிற்சி, இரண்டு மாதம் கழித்து நடைதாங்கியோடு வீடு திரும்பினார்கள். வலியைப் பற்றி உம்மா அதிகம் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழுத முதல் நாள்தான் அழுதார்கள். "நெற்றியைத் தரையில் வைக்க முடியலையே" என்றார்கள். எங்களுக்கு அதற்குப் பதில் இல்லை.

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் எங்களிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: "உங்கள் அம்மா தினமும் பால் எவ்வளவு குடிப்பார்?" நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். கடையில் வாரத்திற்கு எத்தனை பெட்டி பால் போகிறது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். உம்மாவின் தம்ளரில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகுதான் விசாரித்தோம். பால் பேரப்பிள்ளைகளுக்கு, மீன் நடுத்துண்டு வாப்பாவுக்கு, உம்மாவுக்குப் பால் இல்லாத தேத்தண்ணியும் மீந்த சோறும் ரசமும். எவரும் அப்படிச் சட்டம் போடவில்லை. உம்மாவே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் அது. இங்கே உட்கார்ந்திருக்கும் பல வீடுகளிலும் இந்தச் சட்டம்தான் நடக்கிறது என்று நினைக்கிறோம்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்களுக்குத் தெரிந்த கடைக் கணக்கில் சொல்கிறோம். நம் உடம்பில் உள்ள கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு விழுக்காடு இரத்தத்திலும் தசையிலும் மற்ற இடங்களிலும் இருக்கிறது. இதயம் துடிக்கவும், தசை சுருங்கி விரியவும், நரம்பு வேலை செய்யவும் அது வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு குறைய உடம்பு விடாது. சாப்பாட்டில் வரவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வரவு இல்லாத நாளில் கிடங்கிலிருந்து சரக்கை எடுத்துக் கடையை நடத்துவது போல. கடை ஓடிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. கிடங்கு காலியாகிக்கொண்டிருக்கும். இதுதான் எலும்புப்புரை நோய், மருத்துவர்கள் சொல்லும் ஆஸ்டியோபொரோசிஸ். வலி இருக்காது, காய்ச்சல் வராது. முதல் அறிகுறியே பெரும்பாலும் ஒரு முறிவுதான். உம்மாவின் மணிக்கட்டு எங்களுக்கு அனுப்பிய கடிதம் அது. நாங்கள் பிரித்துப் படிக்கவில்லை.

இந்தக் கிடங்கு நிரம்புவதற்கு ஒரு காலம் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு 18 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 20 வயதுக்குள் எலும்பின் உச்ச இருப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு சேர்ந்துவிடுகிறது. முப்பது வயதையொட்டி அது நிறைகிறது. அதன் பிறகு மெல்ல இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வேகமாக இறங்குகிறது, 20 விழுக்காடு வரைகூடக் குறையலாம். ஆண்களும் தப்பவில்லை. உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்த நோயால் முறிவு ஏற்படுகிறது என்பது அனைத்துலக எலும்புப்புரை அறநிறுவனத்தின் கணக்கு.

சிங்கப்பூரின் கதையும் கவனிக்க வேண்டியது. 1990களில் இங்கே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, இடுப்பெலும்பு முறிவுகளை 1960களின் நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஆண்களிடம் ஒன்றரை மடங்கு, பெண்களிடம் ஐந்து மடங்கு கூடியிருந்தது. இடுப்பு முறிந்தவர்களில் சுமார் ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் மௌத்தாகிவிடுகிறார் என்றும் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பிழைத்தவர்களில் பலர் முன்போல் தனியாக நடமாட முடிவதில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "கீழே விழுந்துட்டாங்க, வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போகும் சங்கதி இது இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சரி, என்ன சாப்பிடுவது? கடைக்கு வருபவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது எலும்பு சூப்பைப் பற்றித்தான். "உம்மாவுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுங்க, எலும்பு கூடும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நம் சமூகத்தின் கடைக்காரர்கள் சிங்கப்பூருக்குக் கொடுத்த சூப் தூலாங்கைச் சிவக்கச் சிவக்க உறிஞ்சிவிட்டு, எலும்புக்கு நல்லது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. உண்மை என்னவென்றால், எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் எலும்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கிண்ணம் சூப்பில் இறங்குவது ஒரு தம்ளர் பாலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே இருக்கும் மச்சை பெரும்பகுதி கொழுப்பு. ஆசைக்கு எப்போதாவது சாப்பிடுங்கள். மருந்தென்று நினைத்துச் சாப்பிடாதீர்கள்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவு இது: 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம், 19 முதல் 50 வயதுவரை 800, 51 வயதுக்கு மேல் 1,000. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 1,000. இந்த ஆயிரத்தை எப்படிச் சேர்ப்பது? உம்மாவுக்காக நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறோம். எல்லாம் ஏறத்தாழத்தான்.

காலையில் ஒரு தம்ளர் பால், 250 மில்லிலிட்டர்: 300. கால்சியம் கூட்டிய பால் என்றால் இன்னும் அதிகம், அட்டையில் படித்துப் பாருங்கள். பகலில் ஒரு சிறு கிண்ணம் தயிர், அல்லது அதைக் கடைந்த மோர்: 180. சீனக் கடைகளில் கிடைக்கும் தாவ் குவா, அதாவது கெட்டியான சோயாக் கட்டி, ஒரு துண்டு: 200. பூன் லே சந்தையில் வாங்கும் சாய்சிம் அல்லது காய்லான் கீரை ஒரு கிண்ணம்: 150. தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு, நாம் ஈக்கான் பிலிஸ் என்று வாங்குவது, முள்ளோடு இரண்டு மேசைக்கரண்டி: 200. கூட்டிப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. விலை உயர்ந்த மாவு டப்பா எதுவும் இதில் இல்லை.

ஊர்ச் சாப்பாட்டிலும் வழி உண்டு. கேழ்வரகு, தென்காசி கடையநல்லூர்ப் பக்கம் கேப்பை என்பார்கள், 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நம் பாட்டன் பூட்டன்மார் ஏழைகளின் சாப்பாடு என்று குடித்த கேப்பைக் கூழைத்தான் நாம் வசதி வந்ததும் விட்டோம். முருங்கைக் கீரை 100 கிராமில் 300க்கு மேல். தோல் நீக்காத எள் ஒரு மேசைக்கரண்டியில் 80க்கு மேல். டப்பா சார்டின் மீனை முள்ளோடு சாப்பிட்டால் 100 கிராமில் 380 வரை. முள்ளை ஒதுக்கினால் கணக்கு மாறிவிடும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பசலைக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் மிகக் கொஞ்சமே சேரும். பசலையைச் சாப்பிடுங்கள், ஆனால் கால்சியக் கணக்கில் எழுதாதீர்கள். இரண்டு, உப்பு. உப்புக் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே வெளியேறும். நெத்திலியை ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ள மட்டும். மூன்று, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியைப் பால் குடித்ததாக நினைக்காதீர்கள். அதில் சீனிதான் முன்னால் நிற்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் தயிருக்கும் மோருக்கும் மாறலாம், அல்லது கால்சியம் சேர்த்த சோயா பாலுக்கு மாறலாம்.

கால்சியம் மட்டும் போதாது. எலும்பு என்பது சுண்ணாம்பு மட்டுமில்லை, புரதத்தில் பின்னிய வலையில் படிந்த சுண்ணாம்பு. வயதானவர்கள் "இரண்டு இட்லி போதும்" என்று நிறுத்திக்கொள்ளும்போது தசையும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வைட்டமின் டி. சாப்பாட்டில் வரும் கால்சியத்தைக் குடலில் இழுத்துச் சேர்ப்பது அதுதான். தோலில் வெயில் பட்டால் உடம்பே அதைத் தயாரிக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நமக்கா குறைவு என்று கேட்கலாம். வீவக வீட்டிலிருந்து மின்தூக்கி, அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை, பேருந்து, குளிரூட்டிய அலுவலகம் என்று வாழ்கிறோம். கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் சேர அதிக நேரம் வேண்டும். நம் பெண்கள் முழுக்க மூடி உடுத்துகிறார்கள். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயனில்லை, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மூடி உடுத்துவதில் குறை ஒன்றுமில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஈடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால் கொஞ்சம் உதவும். குடும்ப மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் அளவு பார்த்து, தேவையானால் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

நடையும் வேண்டும். சுமை தாங்கினால்தான் எலும்புக்கு வேலை இருக்கிறது என்று உடம்பு நம்பும். சந்தைக்கு நடந்து போவது, இரண்டு மாடியாவது படியேறுவது, தண்ணீர் போத்தலைத் தூக்கி இறக்குவது எல்லாம் பயிற்சிதான்.

இனி எல்லாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காக உருவாக்கப்பட்டு 2001ல் வெளியானது, சிங்கப்பூர் மருத்துவர்களும் பயன்படுத்துவது. வயதிலிருந்து கிலோவில் எடையைக் கழியுங்கள். விடை 20க்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். பூஜ்யத்திலிருந்து 20 வரை வந்தால் நடுத்தரம், வேறு காரணங்களும் இருந்தால் பரிசோதனை வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் ஆபத்துக் குறைவு. ஆண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வேறு காரணங்கள் என்றால்? சிறிய விழுகையில் ஏற்கெனவே எலும்பு முறிந்திருப்பது, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது, பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு முறிந்தது, உயரம் குறைந்து முதுகு கூனுவது, புகைப்பழக்கம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து. எங்கள் உம்மாவுக்கு 61 வயதில் எடை 47 கிலோ. விடை 14, நடுத்தரம். அதோடு முறிந்த மணிக்கட்டையும் சேர்த்தால் அன்றே பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். இடுப்பு முறிந்தபோது வயது 68, எடை 46. விடை 22. இந்தக் கழித்தலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் ஏழு ஆண்டாக எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டீராய்டு என்று சொன்னோமே, அதில் கடைக்காரர்களாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத சூரணமும் மாத்திரையும் கைமாற்றாக வருகின்றன. இரண்டு நாளில் வலி பறக்கும். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலியைக் குறைத்துக்கொண்டே அது எலும்பைத் தின்னும். எங்கள் கடையில் அவற்றை வைப்பதில்லை. நீங்களும் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

பரிசோதனையில் டி-மதிப்பெண் என்று ஒன்று தருவார்கள். கழித்தல் 1க்கு மேல் இருந்தால் நல்லது. கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இடையில் இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது. நோய் என்று உறுதியானால் உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும். வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் அதை எப்போது எடுப்பது என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இந்த நோயும் இருப்பதால் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். பைனியர் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ விவரம் கேளுங்கள்.

விழாமல் இருப்பதும் பாதி வைத்தியம். ஒளுச் செய்யும்போது காலைத் தொட்டியில் தூக்கி வைக்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, குழாயை நீட்டிக் காலைக் கழுவலாம். குளியலறையில் கைப்பிடி பொருத்தவும் தரை வழுக்காமல் செய்யவும் வீவகவின் ஈஸ் திட்டம் இருக்கிறது. 65 வயதைக் கடந்த சிங்கப்பூரர் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பகுதிச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. எங்கள் வீட்டில் கைப்பிடி வந்தது உம்மா விழுந்த பிறகு. உங்கள் வீட்டில் அதற்கு முன்பே வரட்டும்.

பெரியோர்களே! நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. இதைத் தொடங்கியபோது இருபதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதுகளில் இருக்கிறார்கள். நாற்காலி தூக்கி, பந்தல் கட்டி, நோன்புக் கஞ்சி கிண்டி இந்தச் சங்கத்தை நிற்க வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கடைசியாகச் சாப்பிட்டுத்தான் நமக்கெல்லாம் பரிமாறினார்கள். எங்கள் தலைமுறையின் உடம்பிலுள்ள எலும்பு அவர்களின் தட்டிலிருந்து வந்தது.

அதனால் இன்று இரவு ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். மகன்மாரே, மருமக்களே, உம்மாவின் தம்ளரை எட்டிப் பாருங்கள். அதில் பால் இல்லையென்றால் முதல் தம்ளரை அவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள். "எனக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கொடு" என்பார்கள். கேட்காதீர்கள். பிள்ளைக்கும் கொடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைக்குக் கொடுங்கள், அவளுடைய கிடங்கு நிரம்புகிற காலம் இது. வயதில் எடையைக் கழித்துப் பாருங்கள். கல்லாப்பெட்டியில், அலமாரியில், குர்ஆன் பலகைக்குப் பக்கத்தில் ஏதாவது மருத்துவமனைத் தாள் தேதி தாண்டிக் கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

எங்கள் உம்மா இப்போது காலையில் பாலும் மாலையில் கேப்பைக் கூழும் குடிக்கிறார்கள். நடைதாங்கியை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார்கள். இன்று வீட்டிலிருந்து இந்த மண்டபத்துக்கு நடந்தே வந்தார்கள். தொழுகை இன்னும் நாற்காலியில்தான். அல்லாஹ் நம் தாய்தந்தையருக்கு நல்ல சுகத்தையும் நடமாடும் வலுவையும் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.